கட்டளை வரியும் கைப்பழக்கமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இசையரங்கிற்கும் நாடகத்திற்கும் நடுவே யூனிக்ஸ் என்னும் கணிப்பொறி முறையைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்துள்ளார்கள். தமிழ் விழாவில் இப்பொருளுக்கு என்ன வேலை என்று சிலர் புருவம் உயர்த்துதல் கூடும். அதற்குரிய விடை இவ்வுரையின் பிற்பகுதியில் வரும். அதுவரை பொறுத்தருள வேண்டுகின்றோம். ஒன்றை மட்டும் இப்பொழுதே சொல்லிவிடுகின்றோம். இது கேட்டுத் தலையசைத்தற்குரிய பொருளன்று. செய்து பார்த்தற்குரிய பொருள். நூலகத்தில் ஞாயிறுதோறும் நாங்கள் நடத்திவரும் பயிற்சியும் அவ்வாறே நடைபெறுகின்றது. அங்கே சொற்பொழிவு பத்து நிமிடம், விசைப்பலகை ஐம்பது நிமிடம்.

இங்கே அமர்ந்திருக்கும் மூத்தோர் பலரின் வாழ்க்கை ஒரு தட்டெழுத்துப் பொறியில் தொடங்கியதன்றோ? ஊரிலே மாடியறைத் தட்டெழுத்துப் பள்ளியில் 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்று மாதக் கணக்கில் தட்டி, லோயர், ஹையர் என்று சான்றிதழ் பெற்று, அத்துடன் சுருக்கெழுத்தும் கற்று, ஒரு தகரப் பெட்டியுடன் பம்பாய்க்கும் தில்லிக்கும் கல்கத்தாவிற்கும் ரயிலேறிய தலைமுறை அது. அப்பள்ளியின் ஆசிரியர் தட்டெழுத்தின் தத்துவத்தை விளக்கினாரில்லை. முதலாம் பாடத்தைப் பத்துத் தாள் தட்டு என்றார். தட்டிய பின் அடுத்த பாடத்தைக் காட்டினார். விரல் தானே அறிந்துகொண்டது. யூனிக்ஸைக் கற்பதற்கும் அதனினும் சிறந்த வழியை நாம் கண்டிலோம்.

கட்டளை வரி என்பது யாது? இன்று நாம் கைபேசியிலும் கணிப்பொறியிலும் படங்களைத் தொட்டு வேலை செய்கின்றோம். உணவு விடுதியில் வாய்பேசாது பட்டியலிலுள்ள படத்தைச் சுட்டிக் காட்டுவதை ஒக்கும் அது. பட்டியலில் உள்ளது கிடைக்கும், இல்லாதது கிடைக்காது. கட்டளை வரியோ பரிமாறுபவரிடம் வாய்திறந்து பேசுவது. கறுப்புத் திரையில் ஒரு சிறு குறி கண் சிமிட்டிக் காத்திருக்கும். ஒரு சொல்லைத் தட்டி 'என்ட்டர்' விசையை அழுத்தினால், ஷெல் என்னும் நிரல் அச்சொல்லை வாங்கி, உரிய வேலையாளை அழைத்து, செய்வித்து, விடையைத் தரும். அவ்வளவே.

இம்முறை பிறந்த கதை சுவையுடையது. அமெரிக்க நாட்டின் நியூ ஜெர்சி மாநிலத்தில் மர்ரே ஹில் என்னும் ஊரிலுள்ள பெல் ஆய்வுக்கூடம், மல்டிக்ஸ் என்னும் பெருந்திட்டம் ஒன்றிலிருந்து 1969-ஆம் ஆண்டில் விலகிக்கொண்டது. அதில் உழைத்த கென் தாம்சன், ஒருபுறம் கிடந்த பி.டி.பி-7 என்னும் சிறிய பொறி ஒன்றைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மனைவியார் கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு மூன்று வாரம் கலிபோர்னியாவிலுள்ள உறவினர் இல்லம் சென்றிருந்த சமயம், வாரத்திற்கு ஒன்றாகத் தொகுப்பி, அசெம்பிளர், கரு ஆகிய மூன்றையும் எழுதி முடித்தாராம். (மனைவி ஊருக்குப் போயிருக்கையில் நம்மவர் செய்யும் காரியங்களுடன் இதனை ஒப்பிட வேண்டாம் என்று தாய்மார்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.) தாம்சனுடன் டென்னிஸ் ரிட்சி சேர்ந்தார். ரிட்சி உருவாக்கிய சி மொழியில் 1973-இல் யூனிக்ஸ் மீண்டும் எழுதப்பெற்றது; அதனால் ஒரு பொறியிலிருந்து மற்றொரு பொறிக்கு எளிதாகக் குடிபெயரும் ஆற்றல் அதற்கு வாய்த்தது.

இக்கதையில் நம் அவைக்கு மிகவும் உரிய பகுதி ஒன்றுண்டு. இத்தகைய கறுப்புத் திரை பொறியாளர்க்கே உரியது, குமாஸ்தாக்களுக்கும் இல்லத்தரசியர்க்கும் எட்டாதது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் 1971-இன் பிற்பாதியில், அதனை உருவாக்கிய குழுவிற்கு வெளியிலிருந்து யூனிக்ஸை நாள்தோறும் பயன்படுத்தியவர்கள் யாவர்? அந்நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் பணியாற்றிய மூன்று தட்டெழுத்தாளர்கள்! காப்புரிமை விண்ணப்பங்களைத் தட்டி, திருத்தி, ஒழுங்குபடுத்தி அச்சிடுவதே அவர்கள் வேலை. கட்டளை வரியின் முதற்குடிகளில் தட்டெழுத்தாளரும் அடங்குவர் என்பதை நம் ஹையர் கிரேடு பெரியவர்கள் நினைவிற்கொள்வார்களாக.

இனிப் பயிற்சிக்கு வருவோம். கட்டளைகளை இவ்வுரையில் தமிழ் ஒலிப்பிலேயே தருகின்றோம். தட்டும்பொழுது ஆங்கிலச் சிற்றெழுத்துக்களில் தட்டவேண்டும். பேரெழுத்தும் சிற்றெழுத்தும் யூனிக்ஸிற்கு வெவ்வேறு.

முதற்கண் 'பி.டபிள்யூ.டி' என்று தட்டுங்கள். நாம் எங்கே நிற்கின்றோம் என்பதை ஒரு வரியில் சொல்லும். புதிய ஊருக்கு வந்தவன் முதலில் தெருவின் பெயரைக் கேட்பதைப் போன்றது இது. அடுத்து 'எம்.கே.டிர் பயிற்சி' என்று ஒரு கோப்புறையை உண்டாக்குங்கள். பயிற்சி என்பதைத் தமிழ் எழுத்திலேயே தட்டலாம். இன்றைய பொறிகள் ஏற்கும். 'சி.டி பயிற்சி' என்றால் அதனுள் நுழைவீர்கள். 'எல்.எஸ்' என்றால் உள்ளே இருப்பவற்றைக் காட்டும். இப்பொழுது ஒன்றும் இல்லை. ஆகவே ஒன்றும் காட்டாது.

இங்கேதான் புதியவர் அனைவரும் திகைக்கின்றனர். "ஒன்றுமே வரவில்லையே, பழுதாகிவிட்டதோ?" என்று கேட்கின்றனர். பழுதன்று. வேலை முடிந்தால் மௌனம், தடையிருந்தால் மட்டுமே பேச்சு என்பது யூனிக்ஸின் இயல்பு. அந்நாளில் திரை கிடையாது. டெலிடைப் என்னும் பொறி விடையைத் தாளில் தட்டி அச்சிடும், அதுவும் நொடிக்குப் பத்தெழுத்து வீதம். வெற்றி, வெற்றி என்று ஒவ்வொரு முறையும் அச்சிட்டுக் கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். கட்டளைகள் இரண்டெழுத்தும் மூன்றெழுத்துமாகச் சுருங்கியதற்கும் அந்தக் கடினமான விசைகளே காரணம். பிற்காலத்தில் தாம்சனை, மீண்டும் செய்வதானால் எதை மாற்றுவீர் என்று கேட்டபொழுது, 'கிரியேட்' என்னும் ஒரு சொல்லில் விட்டுவிட்ட கடைசி 'ஈ' எழுத்தைச் சேர்ப்பேன் என்றாராம். சிக்கனம் அவ்வளவு தூரம் சென்றிருக்கிறது!

அடுத்த பயிற்சி: 'எக்கோ வணக்கம்' என்று தட்டினால், வணக்கம் என்று திருப்பிச் சொல்லும். அதே வரியின் இறுதியில் 'விடப் பெரியது' என்னும் கணக்குக் குறியை இட்டு, 'கடிதம்' என்று ஒரு பெயரைச் சேர்த்துத் தட்டுங்கள். இப்பொழுது திரையில் ஒன்றும் வராது; சொல் கடிதம் என்னும் கோப்பிற்குள் சென்றுவிட்டது. 'கேட் கடிதம்' என்றால் படித்துக் காட்டும். அக்குறியை இரட்டையாக இட்டால் பழைய வரிக்குக் கீழே புதிய வரி சேரும். ஒற்றையாக இட்டால் பழையது அழிந்து புதியது மட்டும் நிற்கும். ஒரு கோட்டிற்கும் இரு கோட்டிற்கும் உள்ள வேற்றுமையை விரலால் உணர்ந்தவர் மறப்பதில்லை.

சிறுவர் களைத்துப் போகும் வேளையில் 'கால் 9 1752' என்று தட்டச் சொல்வோம். 1752-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தின் நாட்காட்டி தோன்றும்; அதில் 2-ஆம் தேதிக்கு அடுத்தது 14-ஆம் தேதி! பதினொரு நாட்களைக் காணோம். பிரிட்டனும் அதன் ஆட்சிப் பகுதிகளும் பழைய ஜூலியன் நாட்காட்டியை விடுத்துக் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிய மாதம் அது. வரலாற்றுப் பாடத்தில் உறங்கும் பிள்ளைகூட இதைக் கண்டதும் நிமிர்ந்து உட்காருகிறது.

அழித்தலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 'ஆர்.எம்' என்னும் கட்டளை கோப்பை அழிக்கும். குப்பைக் கூடையில் போட்டு வைப்பதன்று, கூடையே கிடையாது. மன்றாடினாலும் திரும்பி வாராது. ஆகையால் எங்கள் வகுப்பில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கின்றோம். ஆர்.எம் தட்டுவதற்கு முன் பி.டபிள்யூ.டி தட்டி, பயிற்சிக் கோப்புறையில்தான் நிற்கின்றோம் என்று உரக்கப் படிக்கவேண்டும். அதன்பின் எல்.எஸ் தட்டி, அழியப்போவதைக் கண்ணால் காணவேண்டும். பிறகே அழிக்கலாம். '-ஐ' என்னும் குறியைச் சேர்த்தால், அழிக்கட்டுமா என்று ஒவ்வொன்றிற்கும் கேட்கும். தொடக்கத்தில் அவ்வாறு செய்வதே நன்று. சிலர் இக்கட்டளையைப் புதியவர்க்குக் கற்பிக்கவே கூடாது என்கின்றனர். நாம் அதற்கு உடன்படவில்லை. அடுக்களையில் அரிவாள்மணை இல்லாமல் சமையல் கற்பிக்க இயலுமோ?

இனி யூனிக்ஸின் உயிர்நிலையான பகுதி. நம் இல்லங்களில் காலையில் முதலில் நடைபெறும் வேலை யாது? காப்பி வடிகட்டியில் பொடியை இட்டு வெந்நீர் ஊற்றுவது. மேற்பாத்திரத்தில் ஊற்றியது கீழ்ப்பாத்திரத்தில் டிகாக்ஷனாக இறங்குகின்றது. யூனிக்ஸிலும் பல சிறு நிரல்களுக்கு வடிகட்டி என்றே பெயர். மேலே எழுத்துக்களை ஊற்றினால் கீழே வேறு வடிவில் இறங்கும். ஒரு வடிகட்டியின் கீழ் மற்றொன்றை வைத்து இணைக்கும் செங்குத்துக் கோட்டிற்குக் 'குழாய்' என்று பெயர். நிரல்களைத் தோட்டத்து நீர்க்குழாய்த் துண்டுகளைப் போல் ஒன்றுடன் ஒன்று திருகி இணைக்க வழி வேண்டும் என்று டக்ளஸ் மெக்கில்ராய் என்னும் அறிஞர் 1964-லேயே எழுதி வைத்தார். அது 1973-இல் தாம்சன் கையால் ஓர் இரவில் நிறைவேறிற்று.

நம் விருந்துப் பட்டியலையே பயிற்சிக்கு எடுத்துக்கொள்வோம். 'விருந்து' என்னும் கோப்பில் வீட்டுக்கு ஒரு வரி. முதலில் பிளாக், அடுத்து வீட்டு எண், அடுத்து உண்ண வருவோர் தொகை. நான்கு வரிகள் மட்டும் வைத்துக்கொள்வோம்: ஏ 12 4, சி 3 5, பி 7 2, ஏ 5 3. 'சார்ட் விருந்து' என்று தட்டினால் ஏ, பி, சி என்று அடுக்கிக் கொடுக்கும். ஆனால் கூர்ந்து நோக்குங்கள். ஏ பிளாக்கில் 12-ஆம் வீடு முன்னும் 5-ஆம் வீடு பின்னும் வரும். ஏன்? சார்ட் அவற்றை எண்களாகக் கருதவில்லை, எழுத்துக்களாகக் கருதுகின்றது. ஒன்று என்னும் எழுத்து ஐந்து என்னும் எழுத்திற்கு முன்னதாகலின் 12 முந்திக்கொண்டது. இரண்டாம் பத்தியை எண்ணாகக் கொள்க என்று குறியிட்டுச் சொன்னால் திருந்தும். பொறி அறிவுடையது என்று மயங்குவோர்க்கு இதைவிட நல்ல மருந்தில்லை.

எந்தெந்தப் பிளாக்கிலிருந்து எத்தனை வீடுகள் என்று அறிய வேண்டுமா? 'கட்' கட்டளையால் முதற்பத்தியை மட்டும் வெட்டி எடுத்து, குழாய் வழியே 'சார்ட்'டிற்கு அனுப்பி, அங்கிருந்து 'யூனிக் -சி'க்கு அனுப்புங்கள். ஏ 2, பி 1, சி 1 என்று எண்ணித் தரும். நடுவிலே சார்ட் எதற்கு என்று ஒரு மாணவி வினவினாள், நல்ல வினா. யூனிக் என்பது அடுத்தடுத்து நிற்கும் ஒத்த வரிகளை மட்டுமே சேர்த்து எண்ணும். ஏ பிளாக்கினர் பிரிந்து நின்றால் வேறு வேறு என்றே எண்ணிவிடும். நெல்லைக் குத்துபவர் ஒருவர், புடைப்பவர் ஒருவர், கல் பொறுக்குபவர் ஒருவர் என்று வேலையைப் பகிர்வதைப் போல, ஒவ்வொன்றும் தன் வேலை ஒன்றையே அறியும். மொத்தம் எத்தனை இலை போடுவது என்பதை 'ஆக்' சொல்லும். 1977-இல் ஆகோ, வைன்பெர்கர், கெர்னிகன் ஆகிய மூவர் படைத்துத் தம் பெயர்களின் முதலெழுத்துக்களையே சூட்டிய கருவி அது. மூன்றாம் பத்தியைக் கூட்டிக்கொண்டே வந்து முடிவில் சொல் என்று ஒரே வரியில் எழுதினால், 14 என்று விடை வரும். நான்கு வீட்டிற்கு இது வேண்டா. நானூறு வீட்டிற்கும் வரி அதுவே.

இங்கே ஓர் எச்சரிக்கை. விருந்துக் கோப்பை வரிசைப்படுத்தி, குறியிட்டு அதே விருந்துக் கோப்பிலேயே எழுதுமாறு கட்டளையிட்டால் என்ன ஆகும்? கோப்பு வெறுமையாகிவிடும். எழுதவேண்டிய கோப்பை ஷெல் முதலில் காலி செய்து வைக்கின்றது. சார்ட் பின்னர்தான் படிக்க வருகின்றது. படிப்பதற்கு அங்கே ஒன்றும் இராது. 'சி.பி' என்னும் கட்டளையால் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, இவ்விபத்தை வேண்டுமென்றே ஒரு முறை செய்து பாருங்கள். பயிற்சிக் கோப்புறை அதற்காகவே இருக்கின்றது.

தமிழ் விழாவில் இதற்கு என்ன வேலை என்று கேட்டவர்க்கு இனி விடை கூறுவோம்.

'எக்கோ தமிழ்' என்று தட்டி, குழாய் வழியே 'டபிள்யூ.சி -எம்' என்னும் கட்டளைக்கு அனுப்புங்கள். அது எழுத்துக்களை எண்ணுவது. விடை 6 என்று வரும். வரியின் முடிவுக்குரிய ஒன்றைக் கழித்தால் 5. த, மி, ழ் என்று நம் கணக்கில் மூன்றே எழுத்தன்றோ? பொறியோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தாக எண்ணுகின்றது. இனி '-எம்' என்பதற்கு மாற்றாக '-சி' என்று இடுங்கள். 16 என்று வரும். ஒன்றைக் கழித்தால் 15. ஏனெனில் 1991-இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பிலேயே இடம்பெற்ற நம் தமிழ் எழுத்துக்கள், யு.டி.எஃப்-8 என்னும் முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடம் பெறுகின்றன. இம்முறையை 1992-இல் நியூ ஜெர்சியின் ஓர் உணவு விடுதியில் மேசைத் தாளின்மேல் வகுத்தவர்கள் ராப் பைக்கும், யூனிக்ஸைத் தொடங்கிய அதே கென் தாம்சனும் ஆவர். உலகின் எழுத்துக்கள் யாவும் அன்று அம்மேசைத் தாளிலே இடம் கண்டன. ஆக, ஒரே சொல் நமக்கு மூன்று, யூனிகோடிற்கு ஐந்து, வட்டுக்குப் பதினைந்து. இம்மூன்று கணக்கும் உள்ளத்தில் பதிந்துவிட்டால் பின்வருவன எல்லாம் எளிதாம்.

'கிரெப்' என்னும் கட்டளை சொல்லைத் தேடி, அது வரும் வரிகளை எடுத்துத் தரும். 'கல' என்று தேடினால் கலை வரும், கலாம் வரும், கல்வியும் வரும்! புள்ளி தனிக் குறியாக நிற்பதனால், கல்வி என்பதன் தொடக்கத்திலும் பொறி 'கல' என்பதையே காண்கின்றது. அகரவரிசையிலும் ஒரு வியப்புண்டு. எழுத்தின் எண்ணை மட்டும் நோக்கி வரிசைப்படுத்துமாறு சார்ட்டிற்குச் சொன்னால், மனம் என்னும் சொல் மயில் என்பதற்கு முன்னே வந்து நிற்கும். நம் நெடுங்கணக்கில் னகரம் கடைசி. யூனிகோடு எண்வரிசையிலோ அது நகரத்தை அடுத்து அமர்ந்துவிட்டது. தமிழ் அகராதி வரிசை வேண்டுமெனில் தமிழுக்குரிய மொழி அமைப்பைப் பொறிக்குத் தெரிவிக்க வேண்டும்.

இவற்றைவிடப் பொல்லாதது ஒன்று. ஔவை என்று 'ஔ' என்னும் ஒரே எழுத்தால் எழுதுவது முறை. சிலர் ஒகரத்தைத் தட்டி அதனருகே ளகரத்தைத் தட்டி 'ஒளவை' என்று எழுதிவிடுகின்றனர். தாளில் இரண்டிற்கும் வேற்றுமை காண்பது அரிது. கிரெப்பில் ஔவையைத் தேடினால் மற்ற ஒளவை அகப்படமாட்டாள். சந்தேகம் தோன்றினால் அவ்வோரெழுத்தை மட்டும் எக்கோவில் இட்டு டபிள்யூ.சி-யால் எண்ணிப் பாருங்கள். சரியானது 4 காட்டும். தவறானது 7 காட்டும். அவ்வாறே எகரத்திற்கு மாற்றாக ஏழு என்னும் பழந்தமிழ் எண்ணாகிய '௭' புகுந்துவிடுவதுமுண்டு.

இதனால் என்ன இழப்பு என்று கேட்பீராயின், நம் சங்கத்தின் அலமாரியைத் திறந்து காட்டவேண்டியிருக்கும். 1990-களின் இறுதியாண்டுகளில் நம் ஆண்டு மலர்கள் முதன்முதலாகக் கணிப்பொறியில் அச்சுக் கோக்கப்பெற்றன. யூனிகோடு அன்று பரவவில்லை. ஒவ்வொரு மென்பொருளாரும் தத்தமக்கென ஓர் எழுத்துருவும் ஓர் எண்முறையும் வைத்திருந்தனர். மூன்று மலர்களின் அச்சுப் படிகள் ஒரு மழைக்காலத்தில் ஈரம் பாய்ந்து கெட்டுப்போயின. வட்டிலே கோப்புகள் இருக்கின்றன; திறந்தால் தமிழ் இல்லை, பொருளற்ற ஐரோப்பிய எழுத்துக்களின் கூட்டம். அந்த எழுத்துருவை விற்றவரைத் தேடியும் பயனில்லை; விற்பனை என்றோ நின்றுவிட்டது. அம்மலர்களில் இருப்பவை பெருங்காவியங்கள் அல்ல என்பதை நாம் அறிவோம். மன்றம் கட்டுவதற்கு முதற்செங்கல்லுக்குப் பணம் தந்தோர் பெயர்கள், மறைந்த உறுப்பினர்க்கு எழுதிய இரங்கலுரைகள், இன்று தாயராகிவிட்ட சிறுமியர் அன்று எழுதிய கட்டுரைகள். வேறெங்கும் இவற்றிற்குப் படியில்லை.

சென்ற ஆண்டு எங்கள் ஞாயிறு வகுப்பினர் இப்பணியை மேற்கொண்டனர். கருவி 'செட்' என்னும் கட்டளை. இதைக் கண்டால் அதை இடு என்று சொன்னால் கோப்பு முழுதும் இட்டுத் தரும். இந்தக் குறி தோன்றினால் ககரம், அந்தக் குறி தோன்றினால் தகரம் என்று ஒவ்வொன்றாய் ஒரு அட்டவணை எழுதிக்கொண்டே போயினர். இரண்டு இடையூறுகள் நேர்ந்தன. முதலாவது, நீண்ட குறித்தொடர்களை முதலில் மாற்றவேண்டும். குறியதை முதலில் மாற்றினால் நீண்டது சிதைந்துவிடும். இரண்டாவது, நாம் கையால் எழுதும்பொழுது கொம்பை இட்டுப் பின்னர் மெய்யை எழுதுகின்றோம். பழைய எழுத்துருக்களும் அவ்வாறே கொம்பை முன்னே வைத்தன. யூனிகோடோ மெய்யை முதலிலும் கொம்பைப் பின்னரும் சேமிக்கின்றது. ஆகவே கொம்பையும் மெய்யையும் இடம் மாற்றும் விதி ஒன்றைத் தனியே எழுதவேண்டி வந்தது. அதைக் கண்டுபிடித்தவள் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி. இவ்வாறு இரண்டு மலர்கள் மீண்டன. அவை இன்று எளிய எழுத்துக் கோப்புகளாக உள்ளன. எந்தப் பொறியிலும் 'கேட்' என்னும் ஒரு சொல்லால் படிக்கலாம்.

மூன்றாம் மலர் இன்னும் மீளவில்லை. அதில் பக்கத்திற்கு ஓர் எழுத்துருவாக மூன்று கலந்திருக்கின்றன. மாற்றம் பாதி சரியாகவும் பாதி பிழையாகவும் வருகின்றது. இங்கே ஒரு வெளிப்படையான உண்மையைச் சொல்லவேண்டும். செட் எழுதும் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும். படிக்கத் தட்டுத் தடுமாறும். இந்நகரின் பள்ளிகளில் அவர்களுக்குத் தமிழ் கிடையாது. "தாத்தா, இது ரகரமா, துணைக்காலா?" என்று ஒரு சிறுவன் கேட்டான், இரண்டும் அவன் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன. தமிழை நீரோட்டமாகப் படிக்கும் பெரியவர்களோ அக்கறுப்புத் திரையைக் கண்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுகின்றனர். ஆகையால் ஒரு விசைப்பலகைக்கு இரண்டு நாற்காலி என்று வைத்திருக்கின்றோம். ஒன்றில் சிறுவர், ஒன்றில் பெரியவர். முதல் மாதம் பெரியவர் படித்துச் சொல்ல, சிறுவர் தட்டினர். இப்பொழுது இரண்டு மேசைகளில் முறை மாறியிருக்கின்றது.

மீண்ட கோப்புகளுடன் உறுப்பினர் பதிவேடும் இருத்தலால் காவல் முறை ஒன்றும் வேண்டும். 'சிஎச்மாட்' என்னும் கட்டளை அதனைச் செய்யும். படிப்பதற்கு 4, எழுதுவதற்கு 2, இயக்குவதற்கு 1 என்று கணக்கு; உரியவர், குழுவினர், ஏனையோர் என்று மூன்று இலக்கம். 640 என்றால் செயலாளர் படிக்கவும் எழுதவும் கூடும், செயற்குழுவினர் படிக்க மட்டும் கூடும், பிறர்க்கு வழியில்லை. தொலைபேசி எண்கள் அடங்கிய கோப்பிற்கு இதுவே தக்கது.

இதற்கெல்லாம் விலையுயர்ந்த பொறி வேண்டுமோ என்றால், வேண்டா. யூனிக்ஸைப் போன்றதொரு முறையை எல்லார்க்கும் உரிமையாக்க ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் குனு திட்டத்தை அறிவித்தார். 1991-இல் ஹெல்சிங்கி நகர மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்தது இன்று இலவசமாகக் கிடைக்கின்றது; நூலகத்திலுள்ள நான்கு பொறிகளும் அலுவலகங்கள் கழித்துவிட்ட பழையவையே. ஆப்பிள் மேக் கணிப்பொறி வைத்திருப்போரிடம் யூனிக்ஸ் ஏற்கெனவே உள்ளது. விண்டோஸ் வைத்திருப்போர் 2016 முதல் அதனுள்ளேயே லினக்ஸை நிறுவிக்கொள்ள இயலும். உங்கள் சட்டைப்பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைபேசியின் அடியிலும் லினக்ஸ் கருவே இயங்குகின்றது. ஐயம் தோன்றினால் 'மேன்' என்று தட்டிக் கட்டளையின் பெயரைச் சேர்த்தால் விளக்கவுரை வரும். வெளியேற 'கியூ' எழுத்தை அழுத்தினால் போதும். திரை சிக்கிக்கொண்டால் 'கன்ட்ரோல்' விசையுடன் 'சி'. நீண்ட பெயர்களைப் பாதி தட்டி 'டேப்' விசையை அழுத்தினால் மீதியைப் பொறியே நிரப்பும். மேல்நோக்கிய அம்பு முந்தைய கட்டளையைத் திருப்பித் தரும். இந்நான்கும் கைவந்தால் அச்சம் பாதி அகலும்.

நாடகத்திற்கு ஒப்பனை முடிந்துவிட்டதாகச் சைகை வந்துவிட்டது. வகுப்பு ஞாயிறு காலை பத்து மணிக்கு, குளிர்காலத்தில் பதினொன்றிற்கு. மூன்றாம் மலரின் முதற்பதினாறு பக்கங்களை மாற்றிய அளவில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, நூலக மேசையின்மேல் வைத்திருக்கின்றோம். தமிழ் படிக்க அறிந்த பெரியோர்கள் இடைவேளையில் ஒரு பக்கத்தை எடுத்துச் சென்று, பிழையென்று தோன்றுவதைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் தருமாறு வேண்டுகின்றோம். பதினோராம் பக்கத்தில் நன்கொடையாளர் பட்டியல் உள்ளது. அதில் ஏழு பெயர்களை எங்களால் படிக்க இயலவில்லை. அவர்களை அறிந்தவர்கள் இவ்வவையிலேயே இருக்கக்கூடும்.